ஈறுக்கு நீல மருந்து வச்சு லேசர் அடிக்கிறது பாதுகாப்பா? அம்மாவுக்கு பண்ணச் சொல்றாங்க

கயல்_மதுரை

எல்லாருக்கும் வணக்கம்ங்க. அம்மாவுக்கு 61 வயசு, 14 வருஷமா சுகர் இருக்கு. கொஞ்ச நாளா பல்லு வெளக்குனாலே ரத்தம் வருது, கீழ்வரிசைல ரெண்டு பல்லு ஆடுது, வாய்ல ஒரு வாடை வேற. ஒரு க்ளினிக்ல காமிச்சோம், கம்பி மாதிரி ஒண்ண விட்டு அளந்து பாத்துட்டு ஈறுக்கும் பல்லுக்கும் நடுவுல 6, 7 மில்லிமீட்டர் பள்ளம் விழுந்திருக்குன்னாங்க. அதுக்கு ஒரு நீலக் கலர் மருந்த ஈறுக்குள்ள விட்டு அதுமேல சிவப்பு லேசர் அடிச்சா கிருமியெல்லாம் செத்துரும், வலி இல்ல, கத்தி இல்ல, க்ளீனிங் கூட தேவையில்ல, சைடு எஃபெக்டே கிடையாதுன்னு சொல்றாங்க. பல்லுக்கு இவ்வளவுன்னு தனி பில்லு. வர்ற வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க.

பணம் போனா போகுதுங்க, அம்மாவுக்கு நல்லது நடந்தா போதும். ஆனா அப்பா போனதுல இருந்து அம்மா மனசுக்கு ஒரு மாத்திரை சாப்பிடுறாங்க, எஸ்சிட்டலோப்ராம் 10. அத அங்க யாரும் கேக்கவே இல்ல, நானும் பல்லுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு சொல்லாம விட்டுட்டேன். நேத்து நைட்டு நெட்ல தேடுனா மெத்திலீன் ப்ளூங்கிற நீலச் சாயமும் அந்த மாத்திரையும் சேரவே கூடாதுன்னு போட்டிருக்கு, அதுல இருந்து தூக்கம் இல்ல. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

செந்தில்_திருச்சி

லேசர்லாம் வேணாம் மேடம். கேன்சர் வரும்னு எங்க சித்தப்பா சொல்வாரு. உப்புத் தண்ணில வாய் கொப்பளிக்கச் சொல்லுங்க.

ஈறுமருத்துவர்

செந்தில், இந்த சிவப்பு லேசர் எக்ஸ்ரே மாதிரி கிடையாது. டிஎன்ஏவ உடைக்கிற அளவுக்கு அந்த வெளிச்சத்துக்கு சக்தி இல்ல, கேன்சர் பயம் இங்க தேவையில்லாதது. பயப்பட வேண்டிய விஷயம் வேற இருக்கு, அதத்தான் சொல்ல வர்றேன்.

கயல், நான் ஈறு நோய்ல எம்டிஎஸ் மேல்படிப்பு முடிச்சு பிராக்டிஸ் பண்றேன், இந்த சிகிச்சைய நானும் சில பேருக்கு பண்ணியிருக்கேன், அதனால கொஞ்சம் விலாவாரியா எழுதுறேன், பொறுமையா படிங்க. இது புதுசா வந்த மாயம் ஒண்ணும் இல்ல. 1900-லயே ஜெர்மனில மியூனிக்ல ஆஸ்கர் ராப்னு ஒரு மருத்துவ மாணவர் அக்ரிடின்ங்கிற சாயத்துல பாரமீசியம்ங்கிற ஒரு செல் உயிரப் போட்டு பாத்துட்டிருந்தார். அதே சாயம், அதே அளவு, ஆனா ஒரு நாள் சீக்கிரம் சாகுது ஒரு நாள் சாகல. என்ன வித்தியாசம்னு தேடுனா, வெளிச்சம். சாயம் தனியா கொல்லல, வெளிச்சம் தனியா கொல்லல, ரெண்டும் சேந்தாதான் கொல்லுது. அவரோட பேராசிரியர் ஃபான் டாப்பைனர்தான் இதுக்கு ஆக்சிஜனும் வேணும்னு காட்டி ஃபோட்டோடைனமிக்னு பேர் வச்சது. வாய்க் கிருமிகள் மேல இத 1990கள் ஆரம்பத்துல லண்டன் ஈஸ்ட்மன் இன்ஸ்டிட்யூட்ல மைக்கேல் வில்சன் குழு சோதிச்சு பாத்தாங்க, அங்க இருந்துதான் பல் உலகத்துக்கு வந்துச்சு.

எப்படி வேலை செய்யுதுன்னா, சாயம் கிருமி மேல ஒட்டிக்கும், அந்த சாயத்துக்குப் பொருத்தமான நிறத்துல வெளிச்சம் பட்டா அது பக்கத்துல இருக்கிற ஆக்சிஜன சிங்லெட் ஆக்சிஜனா மாத்தும், அது ரொம்ப உக்கிரமானது, தொட்டத எரிச்சிரும். ஆனா ஒரு பாக்டீரியாவோட அகலத்த தாண்டுறதுக்குள்ளயே அடங்கிரும். இதுதான் இந்த முறையோட பாதுகாப்பே, சாயம் எங்க ஒட்டுதோ அங்க மட்டும்தான் வேலை. மெத்திலீன் ப்ளூன்னா 660, 670 நானோமீட்டர் சிவப்பு (நானோமீட்டர்ங்கிறது வெளிச்சத்தோட அலைநீளத்த, அதாவது நிறத்த, சொல்ற அளவு), டொலுயிடின் ப்ளூன்னா 630 பக்கம், பச்சைச் சாயம் இண்டோசயனின் க்ரீன்னா 810 பக்கம் கண்ணுக்கே தெரியாத வெளிச்சம். ஜோடி மாறுனா ஒண்ணும் நடக்காது இல்ல வெறும் சூடுதான் மிஞ்சும். ஆக்சிஜன் வேணும்னு சொன்னேன்ல, ஆழமான பள்ளத்துக்குள்ள ஆக்சிஜனே கம்மி, ரத்தம் வந்துட்டா அதுல இருக்கிற புரோட்டீன் சாயத்த புடிச்சு வச்சுக்கும், அதனால லேப்ல தட்டுல கிருமி சாகுற மாதிரி வாய்க்குள்ள சாகுறது இல்ல.

இப்ப உங்க அம்மா விஷயம். நீங்க எழுதுனதுல என்னை உலுக்கினது அந்த மாத்திரைகூட இல்ல, "க்ளீனிங் கூட தேவையில்ல"ன்னு சொன்னதுதான். பல் வேர் மேல காரை கல்லு மாதிரி ஒட்டியிருக்கும்மா. அந்தக் கல்ல எந்த சாயமும் எந்த வெளிச்சமும் கரைக்காது. மேல இருக்கிற கிருமி செத்தாலும் கல்லு இருக்கிற வரைக்கும் சில நாள்ல திரும்பக் குடியேறிரும். வலி குறைஞ்ச மாதிரி இருக்கும், ரத்தம் கொஞ்சம் நிக்கும், உள்ள எலும்பு கரைஞ்சிட்டே போகும். சுகர் இருக்கிறவங்களுக்கு இந்தக் காலதாமதம் ரொம்பக் கெடுதல். ஈறுல சீழ் இருந்தா சுகர் கட்டுப்படாது, சுகர் ஏறுனா ஈறு ஆறாது. ஒழுங்கா வேர் வரைக்கும் சுத்தம் பண்ணுனா ஹெச்பிஏ1சி, அதாவது மூணு மாச சராசரி சுகர் அளவு, 3, 4 மாசத்துல சுமார் 0.4 சதவீதப் புள்ளி இறங்குதுன்னு 2022-ல வந்த காக்ரேன் (பல ஆய்வுகள சேத்துப் பாக்கிற அமைப்பு) ஆய்வுத் தொகுப்பு சொல்லுது. சாயமும் லேசரும் க்ளீனிங்குக்கு அப்புறம் கூடுதலா வைக்கலாமா வேணாமான்னுதான் உலகத்துல விவாதமே நடக்குது. க்ளீனிங்குக்குப் பதிலா வைக்கலாம்னு எந்த வழிகாட்டியும் சொல்லல.

மாத்திரை சம்பந்தமா இங்க ஒரு மருந்தாளுநர் அக்கா இருக்காங்க, அவங்க வந்து சொல்லட்டும், அவங்க கணக்கு என்னைவிட சுத்தமா இருக்கும்.

மருந்தாளுநர்_வசந்தி

வந்துட்டேன் டாக்டர். கயல், முதல்ல ஒண்ணு, அம்மா மாத்திரைய நீங்களா நிறுத்திராதீங்க. அதுதான் எல்லாத்தவிடவும் பெரிய ஆபத்து.

நீங்க நெட்ல படிச்சது பொய் இல்ல. 2011-ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ எச்சரிக்கை கொடுத்தாங்க. மெத்திலீன் ப்ளூ உடம்புல எம்ஏஓ-ஏன்னு ஒரு என்சைம தடுக்கும், அந்த என்சைம்தான் செரட்டோனின உடைக்கிறது. எஸ்சிட்டலோப்ராம் ஏற்கெனவே செரட்டோனின ஏத்தி வச்சிருக்கும், ரெண்டும் சேந்தா காய்ச்சல், நடுக்கம், குழப்பம், தசை விறைப்புன்னு செரட்டோனின் சிண்ட்ரோம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகும். ஆனா அந்த கேஸ்கள்ல மருந்து எப்படி போச்சுன்னு பாக்கணும். பெரும்பாலும் கழுத்துல இருக்கிற பாராதைராய்டு சுரப்பி ஆபரேஷன்ல அந்த சுரப்பி தெரியுறதுக்காக ரத்தக்குழாய் வழியா கிலோவுக்கு 1 மில்லிகிராம்ல இருந்து 8 மில்லிகிராம் வரைக்கும் ஏத்துனது. 60 கிலோ எடை இருக்கிறவங்களுக்கு குறைஞ்சது 60 மில்லிகிராம்.

பல்லுக்கு வைக்கிறது எவ்வளவுன்னு பாருங்க. 0.01 சதவீத கரைசல்னா 1 மில்லில 0.1 மில்லிகிராம்தான் இருக்கு. வாய் முழுக்க வச்சாலும் 1 மில்லி செலவாகுறது கஷ்டம், அதுலயும் பாதிக்கு மேல உறிஞ்சி எடுத்துருவாங்க. அறுநூறுல ஒரு பங்கு. ஆனா இதே வேலைக்கு 1 சதவீத கரைசலும் இருக்கு, அதுல 1 மில்லிக்கு 10 மில்லிகிராம், நூறு மடங்கு. ரெண்டுமே பாக்க நீலமாத்தான் இருக்கும், கண்ணால வித்தியாசம் சொல்ல முடியாது. அதனால "என்ன சாயம், எத்தனை சதவீதம், எத்தனை மில்லி"ன்னு கேக்கிறது உங்க உரிமை. மாத்திரை கொடுக்கிற மனநல டாக்டர்ட்டயும் ஒரு ஃபோன் போட்டு சொல்லிருங்க.

இன்னொண்ணு, ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுவ காப்பாத்துற ஒரு என்சைம் பிறவிலயே கம்மி) உள்ளவங்களுக்கு மெத்திலீன் ப்ளூ ரத்த சிவப்பணுவ உடைச்சிரும், அது ஊசி மருந்தோட லேபிள்லயே இருக்கு. சின்ன வயசுல ஏதாவது மாத்திரை சாப்பிட்டு மஞ்சக்காமாலை மாதிரி ஆகி சிறுநீர் கருப்பா போச்சான்னு அம்மாட்ட கேளுங்க. கர்ப்பமா இருக்கிறவங்களும் தள்ளிப் போடணும். பச்சைச் சாயம்னா அதுல அயோடைடு கலந்திருக்கும், அயோடின் அலர்ஜி இருந்தா சொல்லணும்.

கயல்_மதுரை

அக்கா உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. கணக்கு போட்டு காட்டுனதும்தான் மூச்சே வந்துச்சு. அம்மாட்ட கேட்டேன், சிறுநீர் கருப்பானதெல்லாம் இல்லையாம். நாளைக்கு க்ளினிக்குக்கு ஃபோன் பண்ணி சதவீதம் கேக்குறேன்.

ஆனா ஒரு சந்தேகம். அன்னைக்கு டெமோ மாதிரி அந்த லேசர அவங்க கைல அடிச்சு காட்டுனாங்க, "பாருங்க ஒண்ணும் ஆகல"ன்னு. டாக்டரும் கண்ணாடி போடல, பக்கத்துல நின்ன பொண்ணும் போடல, எங்களுக்கும் தரல. அது பரவால்லயா?

யாழ்_ஸ்கார்பரோ

தங்கச்சி, எனக்கு இந்த லைட் வைத்தியம் செய்தது, அதால எழுதுறன். இஞ்ச கனடாவில இது கனகாலமா இருக்கு. எனக்கு முதல் ரெண்டு தரம் விறைப்பூசி போட்டு வடிவா க்ளீன் பண்ணினவை, ஒவ்வொரு பக்கமா, ஒண்டரை மணித்தியாலம் எடுத்தது. அதுக்குப் பிறகுதான் நீலத் தண்ணியை முனை மழுங்கின ஊசியால விட்டு, பிறகு ஒவ்வொரு இடத்திலயும் ஒரு நிமிசம் லைட். நான் கதிரையில இருக்க முதலே எனக்கு ஒரு கண்ணாடி தந்து போட வைச்சவை, டொக்டரும் போட்டவர், உதவிக்கு நிண்ட பிள்ளையும் போட்டவ, கதவில லேசர் எண்டு ஒரு போர்ட் தொங்கவிட்டவை. என்ர மனிசி உள்ள வரப் பாத்தவ, விடேல்லை.

ஈறு அண்டைக்கு முழுக்க நீலமாத்தான் கிடந்தது, அடுத்த நாள் போயிட்டுது. முன்பல்லில ஒரு பழைய அடைப்பு இருந்தது, அதின்ர ஓரத்தில மட்டும் ஒரு நீலக் கோடு தங்கிட்டுது, பிறகு பொலிஷ் பண்ணித்தான் எடுத்தவை. நோ எண்டு சொல்ல ஒண்டும் இல்லை.

நீங்கள் சொல்லுற இடத்தில கண்ணாடி இல்லாமல் லேசர் அடிச்சிருக்கினம் எண்டதை வாசிக்க எனக்கு நெஞ்சு பதறுது பிள்ளை. அங்க திரும்பப் போகாதீங்கோ.

லேசர்_டெக்னீஷியன்

கண்ணாடி இல்லாம அடிச்சது பரவால்லையான்னு கேட்டீங்க கயல். பரவால்ல இல்ல. நான் பத்து வருஷமா ஆஸ்பத்திரி லேசர் மெஷின் சர்வீஸ் பண்றேன், இந்த விஷயத்துல எனக்கு சமாதானமே கிடையாது.

கூட்டத்துல ஸ்க்ரீனக் காட்ட வச்சிருக்கிற சிவப்பு பாயிண்டர்ல பாதுகாப்பானதுன்னு சொல்ற க்ளாஸ் 2-வோட (க்ளாஸ்ங்கிறது லேசரோட ஆபத்து வகை, எண் ஏற ஏற ஆபத்து) உச்ச அளவு 1 மில்லிவாட். அதுகூட ஏன் பாதுகாப்புன்னா வெளிச்சம் பட்டதும் கால் செகண்டுல நம்ம கண்ணு தானா மூடிக்கும், அதுக்குள்ள கெடுதல் ஆகாதுங்கிற கணக்கு. இந்த ஈறு லேசர்கள் சாதாரணமாவே நூறு மில்லிவாட் பக்கம் இருக்கு, அது க்ளாஸ் 3பி. 500 மில்லிவாட் தாண்டுனா க்ளாஸ் 4, அதுல சுவத்துல பட்டுத் தெறிக்கிற வெளிச்சமே கண்ணக் கெடுக்கும். வாய்க்குள்ள என்ன இருக்கு? ஈரமான பல்லு, வாய்க் கண்ணாடி, ஸ்டீல் கருவி, எல்லாமே பளபளன்னு திருப்பி அடிக்கிற சாமான்.

சிவப்பாவது கண்ணுக்குத் தெரியும், முகத்த திருப்பிக்கலாம். 810 நானோமீட்டர் கண்ணுக்கே தெரியாது, இமை மூடாது, நேரா உள்ள போயி விழித்திரைல ஒரே புள்ளியா குவியும். விழித்திரைக்கு வலி தெரியாது. எரிஞ்சு போனதே கொஞ்ச நாள் கழிச்சு எழுத்து நடுவுல ஓட்டை விழுந்த மாதிரி தெரியும்போதுதான் புரியும், போனது திரும்பாது. கைல அடிச்சு காட்டுறது எதையும் நிரூபிக்காது, கை தோல்ல லென்ஸ் கிடையாது, கண்ணுல இருக்கு.

கறுப்புக் கூலிங் கிளாஸும் உதவாது. லேசர் கண்ணாடில எந்த நானோமீட்டருக்கு எவ்வளவு தடுக்கும்னு ஓரத்துல அச்சடிச்சிருக்கும். 660 மெஷினுக்கு 810 கண்ணாடி போட்டா போடாததுக்கு சமம். உங்க அம்மா கண்ணு ஏற்கெனவே சுகர்ல அடிபட்டிருக்கலாம், விழித்திரை டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா?

கயல்_மதுரை

ரெண்டு வருஷம் ஆச்சுங்கண்ணா டெஸ்ட் பண்ணி. இந்த வாரமே கூட்டிட்டுப் போறேன்.

கோவை_பல்டாக்டர்

இழையப் படிச்சேன்ங்க. கண்ணாடி விஷயத்துல டெக்னீஷியன் சொன்னதுக்கு மறுபேச்சே இல்லை. ஆனா ஒட்டுமொத்தமா இந்த சிகிச்சையே தேவையில்லாததுங்கற மாதிரி பேச்சு போகுதுங்க, அது எனக்கு வருத்தமா இருக்கு. நான் ஆறு வருஷமா பண்றேன். க்ளீனிங்குக்கு மேலதான் வைக்கறேன், பதிலா வைக்கறதில்லை. ரத்தம் கசியறது கண்ணுக்கு முன்னால குறையறத பாக்கறேன். இம்ப்ளான்ட் (எலும்புல திருகி வெக்கற செயற்கைப் பல் வேர்) சுத்தி சீழ் வெக்கற கேஸ்ல திருகு மரைக்குள்ள கருவி நுழையாதுங்க, அங்க திரவம் நுழையும். ஆன்டிபயாடிக் ஏற்கெனவே பத்து தடவ சாப்பிட்டவங்களுக்கு மறுபடியும் அமாக்ஸிசிலினும் மெட்ரோனிடசோலும் எழுதறதுக்கு என் மனசு ஒப்பறதில்லை. ஒளியால சாகற கிருமிக்கு எதிர்ப்பு வளர்றது கஷ்டம், ஏன்னா அது ஒரு இடத்தக் குறி வெச்சு அடிக்கறதில்லை, சுவர், கொழுப்பு, டிஎன்ஏ எல்லாத்தையும் ஒண்ணா எரிக்குது. நம்ம நாட்டுல ஆன்டிபயாடிக் போற போக்குக்கு இத எளப்பமா தூக்கிப் போடக் கூடாதுங்க.

ஈறுமருத்துவர்

டாக்டர், ஆன்டிபயாடிக் பத்தி நீங்க சொன்னத நானும் ஒத்துக்குறேன், அந்த ஆசைலதான் நானும் மெஷின் வாங்குனேன். ஆனா ஆதாரம் எங்க நிக்குதுன்னு நோயாளிட்ட சொல்லணும்ல. 2020-ல ஐரோப்பிய ஈறு நோய் சம்மேளனத்தோட வழிகாட்டி 660-670, 800-900 ரெண்டு அலைநீளத்துலயும் இத கூடுதல் சிகிச்சையா பயன்படுத்த வேணாம்னு பரிந்துரைச்சது. 2024-ல காக்ரேன் 50 ஆய்வு, 1,407 பேர சேத்துப் பாத்துட்டு, நம்பகத்தன்மை மிகக் குறைவு, பலன் இருந்தாலும் நோயாளிக்குத் தெரியுற அளவுக்கு இருக்காதுங்கிற மாதிரி முடிச்சாங்க.

கோவை_பல்டாக்டர்

"நம்பகத்தன்மை குறைவு"ங்கறது "வேலை செய்யாது"ங்கறது ஆகாதுங்களே. 50 ஆய்வுக்கு 1,407 பேர்னா ஒரு ஆய்வுக்கு 28 பேர். ஒருத்தர் ஒரு சாயம், ஒருத்தர் ஒரு லேசர், ஒருத்தர் 10 செகண்ட், ஒருத்தர் 1 நிமிஷம். இதையெல்லாம் ஒரே சட்டில போட்டுக் கிண்டினா என்ன ருசி தெரியும்?

ஈறுமருத்துவர்

அந்தக் கேள்வி நியாயமானது, நான் மறுக்கல. நம்ம துறைல நாலு காலேஜ் சேந்து ஒரே சாயம், ஒரே அளவுன்னு பெருசா ஒரு ஆய்வு பண்ணியிருந்தா இன்னைக்கு இந்த சண்டையே இருக்காது. ஆனா டாக்டர், அந்த சந்தேகத்தோட செலவ யார் கொடுக்குறது? தெரியாத பலனுக்கு பல்லுக்கு இவ்வளவுன்னு பில் போட்டு, க்ளீனிங் வேணாம்னு சொல்லி அனுப்புறப்போ பல்லு போறது நோயாளிக்கு. நீங்க அப்படி பண்றதில்ல, தெரியும். கயல் அம்மாவுக்கு சொன்னது அதுதான்.

கோவை_பல்டாக்டர்

அதுல எனக்கும் கோபம்தானுங்க. க்ளீனிங் வேண்டாம்னு சொன்னது தப்பு. நேராவே சொல்றேன், தப்பு.

ஒண்ணு சேத்துக்கறேன். சூடு. பச்சைச் சாயம் 810-ல வெளிச்சத்த நல்லா உறிஞ்சி சூடாகும், முனைய ஒரே எடத்துல நிறுத்திட்டா பிரச்சனைதான். எலும்பு 47 டிகிரில ஒரு நிமிஷம் தாங்காதுன்னு 1983-லயே முயல்ல காட்டியிருக்காங்க. பல்லு நரம்புக்கு 5.5 டிகிரி கூடினாலே சிலது செத்துப்போகும்னு 1965-ல குரங்குல பாத்த கணக்கு. அதனால முனைய நகத்திட்டே இருக்கணும், இடைல விட்டு விட்டு அடிக்கணும். "சுடுது"ன்னு நோயாளி சொன்னா உடனே நிறுத்தணும், மரத்துப்போற ஊசி போட்டிருந்தா அவங்களால சொல்லவும் முடியாதுங்க, அப்ப டாக்டருக்கு இன்னும் கவனம் வேணும். வேர் சிகிச்சைல முன்பல்லுக்குள்ள நீலம் வெச்சா பல்லோட நிறமே மாறிரும், மூடறதுக்கு முன்னால முழுசா கழுவணும்.

ராஜேஷ்_தாம்பரம்

ஒரு கேள்வி கேக்கலாமா, மீன் தொட்டிக்கு விக்கிற மெத்திலீன் ப்ளூ எங்க வீட்ல இருக்கு, ஆன்லைன்ல 660 சிவப்பு லைட்டும் கிடைக்குது, யூட்யூப்ல ஒருத்தர் நாக்குக்கு அடில விட்டுக்கிட்டு லைட் அடிக்கிறாரு, ஈறு சூப்பரா ஆயிடுச்சுன்னு சொல்றாரு, க்ளினிக்ல கேக்குற காசுக்கு இது எவ்வளவோ மேல், வீட்லயே பண்ணிக்கலாமா?

மருந்தாளுநர்_வசந்தி

தம்பி, தயவுசெஞ்சு வேணாம்ப்பா. கையெடுத்துக் கேட்டுக்குறேன்.

மீனுக்கு விக்கிறதும், லேப்ல ஸ்லைடுக்கு சாயம் போட விக்கிறதும் மனுஷங்களுக்குன்னு சுத்தம் பண்ணுனது கிடையாது. அதுல துத்தநாகம் சேந்த வகை இருக்கு, ஆர்செனிக் மாதிரி உலோகக் கலப்பு எவ்வளவு இருக்குன்னு யாரும் உங்களுக்கு சோதிச்சு தரல. பாட்டில்ல போட்டிருக்கிற சதவீதம் தொட்டிக்குள்ள பல லிட்டர் தண்ணில கலக்குறதுக்கு, நேரா நாக்குக்கு அடில விட்டா நான் மேல போட்ட அந்த சின்னக் கணக்கெல்லாம் செல்லாது. வீட்ல அம்மாவோ அப்பாவோ மனசுக்கு மாத்திரை சாப்பிடுறவங்களா இருந்து நீங்க நல்லதுன்னு நெனச்சு அவங்களுக்கும் ஒரு சொட்டு விட்டீங்கன்னா? மருந்துக்கடைல நிக்கிறப்போ இந்தக் கேள்வி இப்ப வாரத்துக்கு ஒண்ணு வருது, ஒவ்வொரு தடவையும் வயித்தக் கலக்குது. மறுபடி சொல்றேன், வெளிச்சத்தோட வேலை அந்தக் கல்ல எடுக்காது, டாக்டர் சொன்னார்ல. அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு போங்க, சென்னைல இருக்கீங்க, பிராட்வே பக்கம்தான், க்ளீனிங்குக்கு ரொம்பக் கம்மியா ஆகும்.

ராஜேஷ்_தாம்பரம்

சரிக்கா. பாட்டில தொட்டி பக்கத்துலயே வச்சிட்டேன். தேங்க்ஸ்.

நெல்லை_மகன்

எங்க அப்பாவுக்கு கன்னத்துக்கு உள்ள வெள்ளையா படை இருக்கு, 30 வருஷம் பாக்கு போட்டவரு. அவருக்கும் ஏதோ நீலத்த தடவிப் பாத்தாங்க. அதுவும் இந்த லேசர்தானா? இன்னொரு இடத்துல வெளிச்ச சிகிச்சைன்னு பேசுனாங்க, ஒரு மாசம் வெயில்ல போகக் கூடாதாம்ல? இங்க யாரும் வெயிலப் பத்தி சொல்லலையே.

ஈறுமருத்துவர்

மூணும் வேற வேற தம்பி, குழப்பிக்காதீங்க. அப்பாவுக்குத் தடவுனது டொலுயிடின் ப்ளூவா இருக்கும், அது சிகிச்சை இல்ல, எங்க நீலம் தங்குதுன்னு பாத்து எந்த இடத்துல சதை எடுத்து பயாப்ஸி அனுப்பலாம்னு முடிவு பண்றதுக்கு. அது சந்தேகத்த காட்டும், கேன்சர்னு தீர்ப்பு சொல்லாது. பயாப்ஸி சொன்னாங்கன்னா தள்ளிப்போடாதீங்க, தயவுசெஞ்சு.

வெயில் விஷயம் கேன்சர் சிகிச்சைக்கு. அதுல மருந்த ரத்தத்துல ஏத்துவாங்க, உடம்பு முழுக்க, தோல் முழுக்க போய் உக்காந்துக்கும். ஃபோட்டோஃப்ரின்னு ஒரு மருந்து, அது போட்டா குறைஞ்சது ஒரு மாசம் வெயில் படக்கூடாது. இது கதை இல்ல, 1912-ல ஃப்ரீட்ரிஷ் மையர்-பெட்ஸ்னு ஒரு ஜெர்மன் மருத்துவர் ஹெமடோபார்ஃபிரின்ங்கிற சாயத்த 200 மில்லிகிராம் தனக்கே ஊசி போட்டுக்கிட்டு வெயில்ல போனாரு, முகம் அடையாளம் தெரியாத அளவுக்கு வீங்கிருச்சு, மாசக்கணக்குல வெயில் ஆகல அவருக்கு. ஜப்பான்ல 2020-ல தலை, கழுத்து கேன்சருக்கு ஒரு ஒளி சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தாங்க, அதுவும் ரத்தத்துல ஏத்துறதுதான், அங்கயும் வாரக்கணக்குல வெளிச்சத்துக்கு கட்டுப்பாடு. ஈறு பள்ளத்துல சொட்டு விட்டு கழுவிடுறதுல அப்படி உடம்பு முழுக்க பரவாது, அதனால வெயில் பிரச்சனை இல்ல. போர்ஃபிரியா, லூபஸ் மாதிரி ஏற்கெனவே வெளிச்சம் ஒத்துக்காத நோய் இருந்தா மட்டும் முன்னாடியே சொல்லிரணும்.

செல்வி_தஞ்சை

மஞ்சள் வச்சும் இத பண்றாங்கன்னு படிச்சேன் டாக்டர், அது நம்ம மஞ்சள்தானே, அதுல ஆபத்து இருக்காதுல்ல?

ஈறுமருத்துவர்

மஞ்சள்ல இருக்கிற குர்குமின்தான், பிரேசில்ல நெறைய ஆய்வு நடக்குது. அதுக்கு நீல வெளிச்சம் வேணும், 450 நானோமீட்டர் பக்கம். குழம்புல போடுற மஞ்சள் தண்ணில கரையாது, அதனால வேற கரைப்பான்ல கலக்கணும், அந்தக் கரைப்பான் என்னங்கிறதுதான் கேள்வியே. நீல வெளிச்சமும் கண்ணுக்குக் கெடுதல்தான், ஆரஞ்சு மறைப்பு இல்லாம பாக்கக் கூடாது. நம்ம மஞ்சள்ங்கிறதால விதி மாறாதும்மா.

கயல்_மதுரை (4 மாசம் கழிச்சு)

எல்லாருக்கும் மறுபடி வணக்கம்ங்க. அப்பவே எழுதியிருக்கணும், அம்மாவோட அலைச்சல்ல முடியல, மன்னிச்சிருங்க.

அன்னைக்கு க்ளினிக்குக்கு ஃபோன் பண்ணி வசந்தி அக்கா சொன்ன மாதிரி என்ன சாயம், எத்தனை சதவீதம்னு கேட்டேன். "கம்பெனி மருந்துங்க, அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்"னு சொன்னாங்க. திரும்பக் கேட்டேன், அதே பதில். அந்த வியாழக்கிழமை போகல.

வேற ஒரு ஈறு ஸ்பெஷலிஸ்ட் மேடம்ட்ட போனோம். உக்காந்ததும் முதல் கேள்வியே "என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க"ன்னுதான். எனக்கு கண்ணு கலங்கிருச்சு. நாலு தடவையா ஊசி போட்டு வேர் வரைக்கும் சுத்தம் பண்ணாங்க, எடுத்த காரைய டிஷ்யூல வச்சு அம்மாட்ட காமிச்சாங்க, கருப்பா மண்ணு மாதிரி இருந்துச்சு. ஈறுமருத்துவர் சார் சொன்ன கல்லு அதுதான் போல. லேசர் வேணுமான்னு நானே கேட்டேன், "முதல்ல இது ஆறட்டும், 3 மாசம் கழிச்சு அளந்துட்டுப் பேசுவோம்"னாங்க.

போன வாரம் அளந்தாங்க. 6, 7 இருந்த இடமெல்லாம் 4, சில இடம் 3. ரத்தம் வர்றதில்ல. கீழ ஆடுன பல்லுல ஒண்ணு மட்டும் இன்னும் 6 இருக்கு, அதுக்கு ஈறத் திறந்து சுத்தம் பண்ற சின்ன ஆபரேஷன் சொல்லியிருக்காங்க. சுகரும் கொஞ்சம் இறங்கியிருக்கு, சாப்பாட்டையும் கட்டுப்படுத்துனாங்க, அதனால எது எதால இறங்குச்சுன்னு எனக்குத் தெரியல. டெக்னீஷியன் அண்ணா, கண்ணு டெஸ்ட்ல விழித்திரைல ஆரம்ப நிலை பாதிப்பு இருக்குன்னாங்க, நல்லவேளை இப்பவே பாத்தோம்னு சொன்னாரு கண் டாக்டர். 6 மாசத்துக்கு ஒரு தடவ வரச் சொல்லியிருக்காரு.

அம்மா மாத்திரை பேரெல்லாம் ஒரு துண்டுச்சீட்டுல எழுதி பர்ஸ்ல வச்சிருக்காங்க. அந்த எஸ்சிட்டலோப்ராம முதல்ல எழுத மாட்டேன்னாங்க, பல் டாக்டர்ட்ட எதுக்கு அதெல்லாம்னு. இப்ப அவங்களே முதல் வரில எழுதி வச்சிருக்காங்க.

யாழ்_ஸ்கார்பரோ

வாசிக்க சந்தோசமாக் கிடக்கு பிள்ளை. ஆபரேசன் எண்டு பயப்படவேண்டாம் எண்டு அம்மாட்டச் சொல்லுங்கோ, எனக்கும் ஒரு இடத்தில செய்தது, மூண்டு நாள் கஞ்சி குடிச்சன், அவ்வளவுதான்.

மருந்தாளுநர்_வசந்தி

கயல், ஆபரேஷனுக்கு முன்னாடி அந்த சீட்டுல சுகர் மாத்திரையோட நேரமும் எழுதிருங்க. ரத்தம் கட்டாம இருக்க ஏதாவது மாத்திரை இருக்கா அம்மாவுக்கு?

கயல்_மதுரை

ஆஸ்பிரின் 75 இருக்குக்கா. எழுதிட்டேன். மேடம்ட்டயும் சொல்லிட்டேன்.